மூடுபனியின் கணக்கு

ஹாரி மேசன் ஓடிக்கொண்டிருக்கிறான். மகளைக் காணவில்லை. கண்ணுக்கு எட்டுவது நாலு எட்டுத் தெருதான். அதற்கு அப்பால் வெளுத்த சாம்பல் நிறத்தில் மூடுபனி. ஓட ஓட ஒரு விளக்குக் கம்பம் பனிக்குள்ளிருந்து ஊறி வருகிறது. பிறகு நிறுத்திவைத்த ஒரு கார். பிறகு ஒன்றுமே இல்லை. ரேடியோ இரையத் தொடங்குகிறது. ஏதோ ஒன்று பக்கத்தில் இருக்கிறது. எந்தப் பக்கம் என்பதுதான் தெரியவில்லை.

1999-இல் கொனாமி வெளியிட்ட ‘சைலன்ட் ஹில்’ விளையாட்டின் இந்தத் தெருவுக்கு நான் எத்தனை முறை திரும்பிப் போயிருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அந்தப் பனி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகு அதன்மேல் இருந்த பிரியம் இன்னும் கூடிவிட்டது. அது ஏரியிலிருந்து எழுந்த பனி அல்ல. 2 மெகாபைட் மெமரியிலிருந்து எழுந்தது.

முதல் பிளேஸ்டேஷனுக்கு இருந்ததெல்லாம் அவ்வளவுதான்: பொது வேலைக்கு 2 மெகாபைட், படம் வரைய 1 மெகாபைட், 34 மெகாஹெர்ட்ஸை எட்டாத ஒரு பிராசஸர். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே இந்த மெமரிக்குள் அடங்காது. அன்றைய திகில் விளையாட்டுகள் பலவும் இந்த நெருக்கடியைச் சுற்றிக்கொண்டு போயின. 1996-இல் வந்த ‘ரெசிடென்ட் ஈவில்’ மாளிகையின் அறைகளை முன்கூட்டியே படமாக வரைந்து பின்னால் தொங்கவிட்டு, பாத்திரங்களை மட்டும் அதன்முன் நடமாடவிட்டது. நாடக மேடைப் படுதா மாதிரி. ‘சைலன்ட் ஹில்’ செய்த கெய்ச்சிரோ டோயாமாவின் குழு அந்த வழியில் போகவில்லை. ஒரு முழு ஊரையே முப்பரிமாணத்தில் கட்டி, கேமராவைத் தோளுக்குப் பின்னால் அலையவிட ஆசைப்பட்டார்கள். ஊர் என்றால் தெரு, தெரு என்றால் தூரம். தூரத்தை வரைய அந்த இயந்திரத்துக்குச் சக்தி கிடையாது. அப்படியே விட்டிருந்தால், நடக்க நடக்கக் கட்டடங்கள் வெற்றிடத்திலிருந்து திடீர் திடீரென்று முளைத்திருக்கும்.

அவர்கள் கைக்கு எட்டிய இடத்தில் ஒரு வசதி இருந்தது. தொலைவு கூடக்கூடப் பொருளின் நிறத்தை நாம் சொல்லும் ஒரு நிறத்துக்குள் மெல்லக் கரைத்துவிடும் திறன் பிளேஸ்டேஷனின் கணக்குச் சிப்புக்குள்ளேயே உண்டு. கரைந்து முடிந்த இடத்துக்கு அப்பால் எதையும் வரைய வேண்டியதில்லை. பகலில் பனி, இரவில் இருள். இருளில் மார்பில் மாட்டிய ஒரு சிறு டார்ச். இத்தோடு முடிந்திருந்தால் அது கெட்டிக்காரத்தனம் மட்டும்தான். கண்ணைக் கட்டிவிட்டோமே, இனி காது என்ன செய்யும் என்று யோசித்தார்களே, அங்கேதான் கலை தொடங்குகிறது. பிசாசு நெருங்கினால் இரையும் ரேடியோ அப்படி வந்தது. இசையமைத்த அகிரா யமாவோகாவின் துருப்பிடித்த இரும்புச் சத்தங்கள் இசையா, இடத்தின் ஓசையா என்று பிரிக்க முடியாதபடி கலந்திருப்பதும் அந்தப் பார்வையற்ற நிலையில்தான் முழு வேகத்தில் வேலை செய்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த பிளேஸ்டேஷனால் ஒரு புள்ளியை முழு பிக்சலில்தான் வைக்க முடியும். பாதி பிக்சல் என்ற பேச்சே கிடையாது. அதனால் கேமரா நகரும்போது சுவர்கள் மிக லேசாக நடுங்கும். இன்று கணினியில் எமுலேட்டர் வைத்து விளையாடுபவர்கள் இதை ஒரு அமைப்பை மாற்றிச் சரிசெய்துவிடலாம். நானும் ஒரு நாள் சரிசெய்து பார்த்தேன். சுவர்கள் தூண்போல நேராக நின்றன. ஊரிலிருந்து உயிர் போய்விட்டது போலிருந்தது. பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை, பழைய நடுக்கத்துக்கே திரும்பிவிட்டேன்.

கன்சோல் என்பது அளந்து கொடுக்கப்பட்ட நிலம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிப்பவர்கள் அதில் விளையாட்டு செய்பவர்கள்தாம். கணினி அப்படியல்ல, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அளவு. ஆகவே, கன்சோலுக்கென்று நெய்த ஒன்றைக் கணினிக்குக் கொண்டுவரும்போது, எந்த இழை அலங்காரம், எந்த இழை பாரம் தாங்குவது என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். கணினிப் பதிப்புகளை நான் ஆசையோடு தேடிப் போவது கூர்மையான படத்துக்காக மட்டுமல்ல, இந்த வெளிச்சத்துக்காகவும்தான்.

இயந்திரத்தின் எல்லையே விளையாட்டின் உயிராகும் இந்தக் கதைக்கு வேர் எங்கே என்று தேடினால் 1978-க்குப் போக வேண்டும். தோமோஹிரோ நிஷிகாதோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’. வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை, மொத்தம் 55 எதிரிகள். அந்த இயந்திரம் திரையை ஒருமுறை புதுப்பிப்பதற்குள் ஒரே ஒரு எதிரியைத்தான் நகர்த்தும். வினாடிக்கு ஏறக்குறைய 60 முறை திரை புதுப்பிக்கப்படுவதால், 55 பேரும் ஓர் அடி நகர்ந்து முடிக்க ஒரு வினாடி பிடிக்கும். பாதிப் பேரைச் சுட்டுவிட்டால் மிச்சமுள்ளவர்களின் வேகம் இரண்டு மடங்கு. கடைசியில் ஒருவன் மட்டும் எஞ்சும்போது பைத்தியம் பிடித்தவன்போல் ஓடுகிறான். விளையாடுபவரின் நெஞ்சுத் துடிப்போடு சேர்ந்து ஏறும் இந்த வேகம் இயந்திரத்தின் சுமை குறைந்ததால் வந்தது. சக்தி கூடிய இயந்திரத்துக்கு இதை மாற்றி எழுதுபவர் அந்த வேக ஏற்றத்தைத் தனியாகக் கணக்குப் போட்டுச் சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் 55 பேரும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக நகர்ந்துகொண்டிருப்பார்கள்.

கணினி உலகமும் இந்தப் பாடத்தை ஒரு பொத்தான் வடிவில் படித்தது. ஐபிஎம் பிசியின் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தை நம்பி எழுதிய பழைய விளையாட்டுகள், அடுத்து வந்த வேகமான கணினிகளில் தறிகெட்டு ஓடின. அதற்காகவே பெட்டியின் முகப்பில் ‘டர்போ’ என்றொரு பொத்தான் வந்தது. பெயர்தான் டர்போ, வேகத்தைக் குறைக்கத்தான் அது தேவைப்பட்டது.

அதே கதை, 2011-இல், இன்னும் நுணுக்கமாக. ஹிடெடாகா மியாசாகி இயக்கிய ‘டார்க் சோல்ஸ்’. பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டிலும் மெமரி 512 மெகாபைட்தான். அதற்குள் கோட்டை, காடு, சதுப்பு, கல்லறை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிய ஓர் உலகம். பல மணி நேரம் போராடி மேலே ஏறிப் போன பின், ஒரு பழைய தேவாலயத்தில் லிஃப்டில் இறங்குகிறோம். கதவுக்கு வெளியே, தொடங்கிய அதே தீமூட்டம். அந்தக் கணம் தந்த சிலிர்ப்பை எந்தப் பெரிய வரைபடமும் எனக்குத் தந்ததில்லை. இத்தனையையும் தாங்கிய இயந்திரம் ‘பிளைட்டவுன்’ என்ற நச்சுச் சதுப்பில் மட்டும் திணறியது. வினாடிக்கு 30 ஃப்ரேம் வர வேண்டிய இடத்தில் படம் விட்டுவிட்டு நகரும். அழுகிய மரப்பலகைகள், கீழே விஷம், அதோடு இந்தத் திணறலும் சேர, அந்த இடத்துக்கே கால் புதையும் கனம் வந்துவிட்டது. இதை நான் குறையென்றே சொல்வேன். ஆனாலும் அந்தக் கனம் என் நினைவில் பிளைட்டவுனோடு ஒட்டிக்கொண்டிருப்பதை மறுக்க மாட்டேன்.

ரசிகர்கள் திரண்டு மனுப் போட்டுக் கேட்டதால் 2012 ஆகஸ்டில் கணினிப் பதிப்பு வந்தது. உங்கள் திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், உள்ளே படம் வரையப்படுவது 1024-க்கு 720 என்ற கன்சோல் அளவில்தான். அதையே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டியது. வெளியான அன்றே ‘டுரான்டே’ என்ற பெயரில் இயங்கும் பீட்டர் தோமன், ‘டிஎஸ்ஃபிக்ஸ்’ என்ற சிறு மோட் ஒன்றால் அந்தப் பூட்டைத் திறந்தார். அந்த உலகத்தின் அனோர் லோண்டோ நகரத்து மாலை வெயில் கூர்மையாகத் தெரிந்தபோது, அந்தக் கல் வேலைப்பாடெல்லாம் இத்தனை நாளும் உள்ளேயே இருந்ததே என்று மலைத்துப் போனேன்.

பின்னால் அதே மோட் வினாடிக்கு 60 ஃப்ரேமையும் திறந்துவிட்டது. அப்போதுதான் இழை அறுந்தது. தாண்டும் தூரம் குறைந்தது. ஏணியில் சறுக்கி இறங்கினால் சில இடங்களில் பாத்திரம் தரையையே துளைத்துக்கொண்டு விழுந்தது. காரணம் எளிது, அழகானதும்கூட: அந்த உலகத்தின் சில கணக்குகள் கடிகாரத்தை நம்பாமல் ஃப்ரேமை நம்பின. ஃப்ரேம் ஒன்றுக்கு 33 மில்லி வினாடி என்பது அங்கே ஓர் இயற்கை விதி. அதைப் பாதியாக்கினால் புவியீர்ப்பே தடுமாறும். 2014-இல் வந்த இரண்டாம் பாகத்தில் இது இன்னும் வேடிக்கையாக வெளிப்பட்டது. கணினியில் 60 ஃப்ரேமில் விளையாடியவர்களின் வாள்கள் இரண்டு மடங்கு விரைவாகத் தேய்ந்தன. வாள் எதிரியின் உடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தேய்மானம் கணக்கிடப்பட்டதுதான் காரணம்.

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தாளம் மாறாது என்று உறுதியாகத் தெரிந்த மேடையில், தாளத்தின்மேல் பாரத்தை ஏற்றியிருக்கிறார்கள். எதிரியின் அடி விழும்போது சரியாக உருண்டு தப்பும் அந்தச் சில ஃப்ரேம் இடைவெளிதான் டார்க் சோல்ஸின் உயிர். ஃப்ரேம்களை எண்ணி எண்ணிச் செதுக்கியவர்கள்தான் அதைச் செய்திருக்க முடியும்.

மன்னிக்க மனம் வராதது வேறு வகை. ‘ரெசிடென்ட் ஈவில் 4’ 2005-இல் முதலில் கேம்கியூபுக்கு வந்தது. அதே ஆண்டு பிளேஸ்டேஷன் 2-க்குப் போனபோது, கதைக் காட்சிகளை அங்கேயே வரைய முடியாமல் பதிவுசெய்த வீடியோவாக ஓட்டினார்கள். 2007-இன் கணினிப் பதிப்பு இந்தப் பதிப்பிலிருந்து பிறந்தது. கணினியால் அந்தக் காட்சிகளை அநாயாசமாக வரைந்திருக்க முடியும். ஆனாலும் இல்லாத நெருக்கடி ஒன்றை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, வீடியோவையே ஓட்டினார்கள். குறிபார்க்க மவுஸ்கூட இல்லை. இதற்குப் பரிகாரம் செய்ததும் ரசிகர்கள்தான். பின்னால் வந்த எச்டி பதிப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் உழைத்து 2022-இல் முடித்தார்கள். அந்த விளையாட்டின் கல், மரம், உலோகப் பரப்புகள் பலவும் ஐரோப்பாவின் உண்மையான இடங்களில் எடுத்த புகைப்படங்கள். கேம்கியூபின் மெமரிக்காகச் சுருக்கப்பட்டவை. இவர்களில் ஒருவர் ஸ்பெயினிலும் வேல்ஸிலும் அந்த இடங்களைத் தேடிக் கண்டுபிடித்து, அதே கற்களை மறுபடி படமெடுத்து வந்தார். கலைஞர்கள் நின்ற அதே இடத்தில் போய் நின்று, இயந்திரம் தின்றுவிட்ட நுணுக்கத்தை மீட்டு வருவது! ஒரு ரசிகன் ஒரு படைப்புக்குச் செய்யக்கூடிய பணிவிடையில் இதைவிடப் பெரிதாக எதையும் நான் அறியேன்.

பனிக்கே திரும்புகிறேன். ‘சைலன்ட் ஹில் 2’ 2001-இல் பிளேஸ்டேஷன் 2-இல் வந்தது. அதன் கிராஃபிக்ஸ் சிப்புக்குள் இருந்த மெமரி வெறும் 4 மெகாபைட், ஆனால் அசுர வேகம். ஒளி ஊடுருவும் மெல்லிய திரைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்துவது அதற்குக் கைவந்த வேலை. அதனால் பனி இப்போது அடுக்கடுக்காகச் சுருண்டு நகர்ந்தது. 2012-இல் புதுக் கன்சோல்களுக்கு எச்டி தொகுப்பு வந்தபோது, முழுமையடையாத பழைய நிரலை வைத்தே வேலை செய்ய நேர்ந்தது. பனி மெலிந்துபோயிற்று. ஏரியில் படகு செலுத்தும் காட்சியில், யாரும் பார்க்கக் கூடாதென்று மறைத்துவைத்த உலகத்தின் விளிம்பு பளிச்சென்று தெரிந்தது. இன்னொரு பக்கம், பழைய கணினிப் பதிப்பை எடுத்துக்கொண்ட ரசிகர் கூட்டம் பனியையும் வெளிச்சத்தையும் ஒலியையும் பிளேஸ்டேஷன் 2-இல் இருந்த பதத்துக்கு ஒவ்வொன்றாக மீட்டது. சக்தி மிகுந்த கணினிகளில் உட்கார்ந்துகொண்டு, குறைவாகத் தெரியவேண்டும் என்பதற்காக ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்கள்.

2024 அக்டோபரில் அதே இரண்டாம் பாகம் புதிதாகக் கட்டப்பட்டு, பிளேஸ்டேஷன் 5-இலும் கணினியிலும் ஒரே நாளில் வந்தது. தூரத்தை மறைத்தே ஆகவேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. இருந்தும் பனி இருக்கிறது. இன்றைய பனியில் வெளிச்சம் உள்ளே புகுந்து சிதறுகிறது. அதைக் கணக்கிடுவது கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பெரிய பாரம். சுமையைக் குறைக்கப் பிறந்தது இன்று தானே சுமையாகிவிட்டது. இந்தப் பாகத்தின் நாயகன் ஜேம்ஸ் ஏரிக்கரைக் காட்டுப்பாதையில் இறங்கி நடக்கிறான். கணினிப் பெட்டிக்குள் மின்விசிறி வேகமெடுக்கும் ஓசை கேட்கிறது. ஹெட்போனைக் காதில் மாட்டுகிறேன். பாதையில் நாலு எட்டு தெரிகிறது.