கதினாவுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய்

கோயில் கொடையில் கதினா வெடிக்கும்போது காதைப் பொத்திக்கொள்கிறோம். அந்த இரும்புக் குழாய்க்கு நடக்கும் பண்டுவத்தை யாரும் பார்ப்பதில்லை. மண்டைக்காட்டம்மனுக்கு வெடி வழிபாடு நேர்ந்துகொள்ளும் குமரி மண் இது. எங்கள் ஊர் வெடிக்காரத் தாத்தா, கொடை முடிந்த மறுநாள் காலை வேப்பமரத்தடியில் கதினாக்களை வரிசையாக வைத்துக்கொண்டு உட்காருவார். முதலில் வெந்நீர். கந்தக வாடையோடு கறுப்புச் சாறு வழியும். பிறகு தென்னந்தும்பைக் கம்பில் சுற்றி உள்ளே விட்டுத் திருகுவார். கரகரவென்று தொடங்கும் சத்தம் மெல்ல மெல்ல வழுவழுப்பாகும்.

வெயிலில் காய்ந்து இரும்பு கையைச் சுடும்போதுதான் பழைய வேட்டித் துணியைத் தேங்காய் எண்ணெயில் தோய்ப்பார். உள்ளும் புறமும் மினுமினுக்கும்படி ஒரு துடைப்பு. வெடிமருந்துத் துளைக்குக் கோழி இறகு. "ஈரம் நின்னா துரு தின்னிரும் மக்களே, எண்ணெய் நின்னா மருந்து கெட்டுப்போவும்" என்பார். அதனால் அடுத்த கொடைக்கு மருந்து இடுமுன், காய்ந்த துணியால் அந்த எண்ணெயையும் ஒற்றி எடுத்துவிடுவார். பூசவும் தெரியும், துடைக்கவும் தெரியும் அந்தக் கைக்கு. அடுத்த முறை கொடைக்கு ஊருக்கு வந்தால், ஒருநாள் கூடுதலாகத் தங்கி அந்த வேலையைப் பாருங்கள்.