கேமராவைப் பார்க்காத முகங்கள்

2023 அக்டோபர் கடைசியில் ஆப்பிள் நிறுவனம் தன் புதிய கணினிகளை அறிமுகம் செய்து ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. முடிவில் ஓர் அறிவிப்பு: மொத்தமும் ஐபோனில் எடுத்தது. அடுத்து வெளியான மேக்கிங் வீடியோவைப் பார்த்த பலருக்குச் சிரிப்பு வந்தது. போன் கிரேனில் தொங்கியது, டாலியில் உருண்டது, ட்ரோனில் பறந்தது. சுற்றிலும் ஒரு பெரிய படப்பிடிப்புக்கு வேண்டிய விளக்குகள், ஆட்கள், மானிட்டர்கள். இத்தனையும் இருந்தால் எந்தக் கேமராவில்தான் படம் நன்றாக வராது என்று கேட்டார்கள்.

கேள்வி நியாயமானது. ஒரு நாள் ஷூட்டிங் கணக்கில் கேமரா வாடகை ஒரு வரி. லென்ஸ், லைட், ஜெனரேட்டர், யூனிட் ஆட்களின் பேட்டா, வண்டி, சாப்பாடு, லொகேஷன் அனுமதி என்று மீதி வரிகள் நீளும். போன் வந்து அடிப்பது அந்த முதல் வரியை மட்டும்தான். ஆனாலும் போனில் எடுத்த படங்கள் 15 ஆண்டுகளாக வந்துகொண்டே இருக்கின்றன. சில, எந்த அளவுகோலிலும் தேறக்கூடியவை. அவற்றை வரிசையாகப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. போனின் படத் தரத்தாலோ மிச்சமான பணத்தாலோ அவை தேறவில்லை. எதிரில் நிற்பவர் போனை ஒரு கேமராவாக மதிப்பதில்லை. அந்த அலட்சியம்தான் அவற்றின் மூலதனம்.

முதலில் உலகம் திரும்பிப் பார்த்தது 2011இல். 'ஓல்ட்பாய்' எடுத்த தென்கொரிய இயக்குநர் பார்க் சான்-வூக், தன் தம்பி பார்க் சான்-கியோங்குடன் சேர்ந்து ஐபோன் 4இல் எடுத்த 33 நிமிடப் படம் 'பாரன்மன்ஜாங்', பெர்லின் விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடியைப் பெற்றது. பணம் போட்டது கேடி என்ற தொலைபேசி நிறுவனம். அந்நாட்டில் ஐபோனை விற்றதும் அதுவே. ஆக, விளம்பரம் முதல் நாளே கூட வந்துவிட்டது. அடுத்த ஆண்டு வந்த 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' ஆவணப்படத்தின் கதை வேறு. 8 மி.மீ. ஃபிலிம் வாங்கக் காசு தீர்ந்துபோன மாலிக் பென்ஜெலூல், மீதியிருந்த சில ஷாட்டுகளை அந்தப் பழைய ஃபிலிமைப் போலவே காட்டும் ஓர் ஐபோன் செயலியில் எடுத்துச் சமாளித்தார். செயலியின் விலை இரண்டு டாலருக்கும் குறைவு. 2013இல் படம் ஆஸ்கர் வாங்கியது.

இந்தத் துறையில் ஒரே ஒரு படத்தை மட்டும் பார்க்க நேரமிருக்கிறது என்பவருக்கு நான் சொல்வது ஷான் பேக்கரின் 'டேஞ்சரீன்'. 2015 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், லாஸ் ஏஞ்சலிஸில் சான்டா மோனிகா சாலையும் ஹைலேண்ட் சாலையும் வெட்டிக்கொள்ளும் முனை, அங்கே ஒரு டோனட் கடை, தெருவில் பிழைக்கும் இரண்டு திருநங்கைகள். ஏறக்குறைய ஒரு லட்சம் டாலரில் முடித்த படம். மூன்று ஐபோன் 5எஸ். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவைக்க ஃபில்மிக் ப்ரோ என்ற செயலி. அகலத்திரைக்காக மூன்டாக் லேப்ஸ் நிறுவனத்தின் சின்ன அனமார்ஃபிக் லென்ஸ். கை நடுக்கம் தெரியாமலிருக்க ஒரு மலிவு ஸ்டெடிகேம். டிராக் போட வசதியில்லாத ஷாட்டுகளில் பேக்கர் சைக்கிளில் ஏறி, ஒரு கையில் போனைப் பிடித்தபடி நடிகர்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒளிப்பதிவில் அவருடன் ரேடியம் சியுங்.

போனை எடுத்தது காசில்லாமல்தான் என்று பேக்கர் மறைத்ததில்லை. ஆனால் எடுக்க எடுக்க வேறு ஒரு லாபம் தெரிந்தது. முக்கிய வேடங்களில் நடித்த கிடானா கிகி ரோட்ரிகஸுக்கும் மயா டெய்லருக்கும் சினிமா புதிது. பெரிய லென்ஸ் ஒன்று முகத்துக்கு நேரே வந்து நின்றால் புதியவர்களின் தோள் இறுகிவிடும், குரல் மாறிவிடும். மேடையில் பழகியவர்களுக்கே அது நேரும். போனோ அவர்கள் கையிலேயே நாள் முழுக்கக் கிடந்த பொருள். படத்தில் அந்த இருவரும் நடக்கிற வேகத்தைப் பாருங்கள். நடைபாதையில் எதிரே வருகிறவர்கள் யாரும் ஒதுங்கி வழிவிடவில்லை, நின்று வேடிக்கை பார்க்கவும் இல்லை. மயா டெய்லர் மறு ஆண்டு இன்டிபென்டென்ட் ஸ்பிரிட் விருது வாங்கினார். வாங்கியது நடிப்புக்கு, அந்த நடிப்புக்கு இடம் விட்டது கருவியின் அளவு.

இதை நம்பிக்கையோடு சொல்லக் காரணம், பேக்கர் அடுத்துச் செய்தவை. 'தி ஃப்ளோரிடா ப்ராஜெக்ட்' (2017) படத்தை 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார். அதன் கடைசிக் காட்சிக்கு மட்டும் மறுபடி ஐபோன். இரண்டு சிறுமிகள் டிஸ்னி பூங்காவுக்குள் ஓடுகிற காட்சி அது. பூங்காவின் அனுமதி இல்லாமல், கூட்டத்தோடு கூட்டமாக எடுத்தார்கள். எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருக்கும் இடத்தில் இன்னொரு போனை எந்தக் காவலாளி கண்டுபிடிப்பார்? பிறகு 'அனோரா', மறுபடியும் 35 மி.மீ.; 2024இல் கான் விழாவின் தங்கப் பனையையும் மறு ஆண்டு ஐந்து ஆஸ்கர்களையும் வாங்கியது. கையில் காசு வந்ததும் ஃபிலிமுக்குப் போனவர், யாருக்கும் தெரியாமல் நுழைய வேண்டிய இடத்தில் போனை எடுத்துக்கொண்டார். போன் எதற்கு, எதற்கு இல்லை என்று இதைவிடத் தெளிவாக யாரும் பிரித்துக் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

ஸ்டீவன் சோடர்பெர்க் வேறு ரகம். அவர் நினைத்தால் எந்தக் கேமராவும் வரும். 'அன்சேன்' (2018) படத்தை ஐபோன் 7 ப்ளஸில் எடுத்தார். விருப்பமில்லாமல் மனநல விடுதியில் அடைக்கப்பட்ட பெண்ணின் கதை. மூக்கு நுனி பெரிதாகும் அளவுக்குக் கிட்டத்தில் வைத்த அகலக்கோண லென்ஸ், தட்டையான வெளிச்சம், சற்றே நோய்பிடித்த நிறம். அழகில்லாத படம், ஆனால் கதைக்கு அது பொருந்திப்போனது. அடுத்த ஆண்டு வந்த 'ஹை ஃப்ளையிங் பேர்ட்' கண்ணாடிக் கட்டடங்களிலும் உயர்ந்த அலுவலகங்களிலும் நடப்பது. அங்கே போனுக்கு ஒரு நியாயமும் எனக்குத் தென்படவில்லை. டேனி பாயிலின் '28 இயர்ஸ் லேட்டர்' (2025) இன்னும் ஒரு படி மேல். பல கோடி டாலர் பட்ஜெட், ஒரே சட்டத்தில் 20 ஐபோன்கள் வரை வரிசையாகப் பூட்டி ஒரே கணத்தைப் பல கோணங்களில் பிடித்தார்கள். அங்கே போன் என்பது லென்ஸ் பொருத்திய ஓர் உதிரிப் பாகம். அதை வைத்து, கையில் ஒரே ஒரு போனோடு நிற்கும் குறும்பட இளைஞருக்கு ஊக்கம் சொல்வது சரியல்ல.

அந்த இளைஞருக்குச் சொல்ல வேண்டியது முதலில் அளவு. சினிமாவில் வழக்கமான சூப்பர் 35 சென்சாரின் அகலம் சுமார் 25 மி.மீ.; பேக்கரின் ஐபோன் 5எஸ்ஸில் இருந்தது 5 மி.மீ.க்கும் குறைவு. பரப்பில் கணக்கிட்டால் 25 மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஐபோன் 15 ப்ரோவில் அகலம் 10 மி.மீ.யை நெருங்கியிருக்கிறது. 'ஒரு அங்குல சென்சார்' என்று விளம்பரம் செய்யும் ஆண்ட்ராய்டு போன்களில்கூட நிஜ அகலம் 13.2 மி.மீ.தான்; அங்குலக் கணக்கு பழைய டிவி கேமராக் குழாய்க் காலத்து வழக்கம். சென்சார் சின்னதானால் லென்ஸும் குட்டை. முன்னால் நிற்பவரும் பின்னால் தொங்கும் காலண்டரும் ஒரே துல்லியத்தில் தெரிவார்கள். பின்னணியை மங்கலாக்க ஐபோனில் 2021இல் வந்த சினிமாட்டிக் மோட், முகம் எது சுவர் எது என்று கணக்குப்போட்டு மங்கலைப் பூசுகிறது. தலையில் மல்லிகைச் சரம் வைத்த பெண்ணை எடுத்துப் பாருங்கள். சரத்தின் ஓரத்தில் பாதிப் பூ துல்லியமாகவும் பாதிப் பூ கரைந்தும் நிற்கும். ஜிமிக்கி ஆடும்போது காதுக்கும் கழுத்துக்கும் நடுவே பின்னணி சில நேரம் மங்காமலே எட்டிப்பார்க்கும்.

அடுத்தது வெயில். சினிமாவின் அசைவு நம் கண்ணுக்கு இயல்பாகத் தெரிய, நொடிக்கு 24 பிரேம் என்றால் ஷட்டர் நொடியில் 48இல் ஒரு பங்கு திறந்திருக்க வேண்டும். பெரும்பாலான போன்களில் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க முடியாது. எனவே நடுப்பகல் வெயிலில் போன் ஷட்டரை 4000இல் ஒரு பங்கு வரை குறுக்கிவிடுகிறது. ஓடுகிறவரின் கால் வெட்டி வெட்டி நகரும். எங்கோ சரியில்லை என்று பார்ப்பவருக்குத் தோன்றும், எங்கே என்று சொல்லத் தெரியாது. மருந்து, லென்ஸுக்கு முன் மாட்டும் என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. வீட்டுக்குள் வந்தால் ட்யூப்லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. போனில் தானாக அமைந்திருப்பது பெரும்பாலும் 30 பிரேம். அதற்கேற்ற 60இல் ஒரு பங்கு ஷட்டரில் எடுத்தால் சுவரில் கறுப்புப் பட்டைகள் ஓடும். 25 பிரேம், ஷட்டர் 50இல் ஒரு பங்கு என்று கையால் வைத்தால் பட்டை போய்விடும். ஐந்து நிமிட வேலை. செய்யாமல் விட்டால் ஒரு நாள் ஷூட்டிங் வீண்.

எனக்கு இவற்றைவிட எரிச்சல் தருவது போன் தானாகச் செய்யும் உபகாரம். நிழலைத் தூக்கும், வானத்தை இறக்கும், தோலை வழவழப்பாக்கும். பல போன்களில் கறுத்த முகத்தை வெளுக்க வைக்கும் வேலையும் நடக்கிறது. கறுத்த தோலை உள்ளபடி காட்ட வேண்டும் என்று கூகுள் 2021இல் பிக்சல் 6இல் ரியல் டோன் என்ற ஏற்பாட்டையே கொண்டுவர வேண்டியிருந்தது. மரத்தடியில் நிற்கும் விவசாயத் தொழிலாளியின் முகம் நிழலில் இருப்பதுதான் அந்தக் காட்சியின் உண்மை என்றால், போன் அதை அழித்துவிட்டுத்தான் நம் கையில் தரும். 2023இல் ஐபோன் 15 ப்ரோவில் லாக் முறைப் பதிவு வந்ததை ஒளிப்பதிவாளர்கள் கொண்டாடியது இதனால்தான். அதில் போன் தன் அபிப்பிராயத்தைச் சேர்க்காமல், சப்பென்ற சாம்பல் படத்தைத் தருகிறது. வண்ணத்தை நாம் பிறகு கூட்டிக்கொள்ளலாம். விலையாக இடம் கேட்கும். அதற்கான ப்ரோரெஸ் என்ற கோப்பு வடிவம், 4கே பதிவில், நிமிடத்துக்குச் சுமார் 6 ஜிபி விழுங்கும். 256 ஜிபி போன் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது.

ஒலியைப் பற்றி ஒரே வரி: போனின் மைக்கை நம்பாதீர்கள், சட்டைக் காலரில் ஒரு வயர்லெஸ் மைக்கை மாட்டுங்கள்.

தமிழில் போனுக்கு வழிவிட்டவை டிஎஸ்எல்ஆர் கேமராக்கள். 2009இல் தொடங்கிய கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' தலைமுறை, குறும்படத்தை வைத்தே சினிமாவுக்குள் நுழையலாம் என்று காட்டியது. பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' (2012) முழு நீளப் படமாகவே ஸ்டில் கேமராவில் எடுக்கப்பட்டது. 2020 ஊரடங்கில் கௌதம் வாசுதேவ் மேனன் 'கார்த்திக் டயல் செய்த எண்' குறும்படத்தையும், கேரளத்தில் மகேஷ் நாராயணன் 'சி யூ சூன்' படத்தையும் ஐபோனில் எடுத்தார்கள். பிந்தையது கதை முழுவதையும் போன், கணினித் திரைகள் வழியே சொல்வதால் கருவியும் கதையும் ஒன்றாகிவிட்டன. 2025இல், மும்பைத் திரைப்பட விழாவை நடத்தும் மாமி அமைப்பின் ஐபோன் குறும்படத் திட்டத்தில் வெற்றிமாறன் வழிகாட்டியாக இருக்க, ஷாலினி விஜயகுமார் தமிழில் 'சீயிங் ரெட்' எடுத்தார்.

'வழக்கு எண்' படத்தை இங்கே இன்னொரு காரணத்துக்காகவும் நினைக்க வேண்டும். அதில் ஒரு பையன் ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் செல்போனில் அவளைப் படம் பிடிக்கிறான். மொத்த நாசமும் அங்கிருந்து கிளம்புகிறது. யாரும் கேமராவாக மதிக்காத கருவி என்பதன் மறுபக்கம் இது. அதே குணம் வேறு கையில் வேறு வேலை செய்யும். படம் எடுக்க 20 ஆண்டுத் தடை விதிக்கப்பட்ட ஈரான் இயக்குநர் ஜாஃபர் பனாஹி, வீட்டுக்குள்ளிருந்தே 'திஸ் இஸ் நாட் எ ஃபிலிம்' (2011) எடுத்தபோது ஒரு பகுதியைத் தன் ஐபோனில் பதிவு செய்தார். கடைசியில் நண்பர் விட்டுச்சென்ற பெரிய கேமராவோடு லிஃப்டில் இறங்குகிறார். குப்பை எடுக்க வந்த இளைஞன், வெளியே வராதீர்கள், கேமராவோடு பார்த்துவிடுவார்கள் என்கிறான். தாலிபானுக்குத் தப்பி ஓடிய ஆப்கானியர் ஹசன் ஃபாசிலி, மனைவியோடும் இரண்டு மகள்களோடும் எல்லைகளைக் கடந்த பயணத்தை மூன்று போன்களில் எடுத்த படம் 'மிட்நைட் டிராவலர்' (2019). வழியில் சின்ன மகளைக் காணாமல் தேடியபோது, இதுவும் ஒரு காட்சியாகுமே என்று மனம் கணக்குப் போட்டதையும், அதற்காகத் தன்னையே வெறுத்ததையும் அவர் குரலில் சொல்கிறார். தேடலை அவர் காட்டுவதில்லை.

நம் ஊரில் போன் உண்மையாகவே ஆளை மாற்றிக்கொண்டிருப்பது கல்யாண மண்டபத்தில். இரண்டு வீடியோக்காரர், ஒரு கேண்டிட் ஆள், ஒரு ட்ரோன் என்றிருந்த குழுவில் இப்போது ஆட்டத்தைச் சமன்செய்யும் கிம்பலும் போனுமாக ரீல்ஸ் எடுக்க ஒருவர் தனியாக வருகிறார். மேடையில் பெரிய கேமரா திரும்பினால் பெரியப்பா துண்டைச் சரிசெய்து விறைத்து நிற்கிறார். போன் ஆள் பந்தியில் பக்கத்தில் நின்றால் அதே பெரியப்பா பாயசத்தை இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சிரிக்கிறார். ஆல்பம் வர மாதக்கணக்காகும், ரீல் அன்று மாலையே வந்துவிடுகிறது. எடிட்டர்களுக்குத்தான் தலைவலி. போன் பிரேம் வேகத்தைத் தன் வசதிக்குக் கூட்டிக் குறைத்துப் பதிவதால், மற்ற கேமராக்களோடு ஒரே டைம்லைனில் வைத்தால் சில நிமிடத்தில் நாதஸ்வரக்காரரின் விரலும் ஒலியும் விலகிப்போகின்றன. எல்லாக் கிளிப்பையும் முதலில் ஒரே வேகத்துக்கு மாற்றிவிட்டுத்தான் வெட்ட உட்கார வேண்டும். அந்தக் கூடுதல் ராத்திரி வேலைக்கு யார் பணம் தருவது என்பது பேக்கேஜில் இன்னும் எழுதப்படவில்லை.