பெயர்ச்சீட்டு இல்லாத தமிழ்

“பாமினியிலேயே அனுப்புங்க சார், அதுதான் பத்திரம்.” சென்னையில் ராஜா அண்ணாமலைபுரம், மந்தைவெளிப் பக்கம் சபா மலரோ கும்பாபிஷேக மலரோ அச்சுக்குக் கொடுப்பவர்கள் டிடிபி கடைகளில் இன்றும் கேட்கக்கூடிய பேச்சு இது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருவங்களை வைத்த ஃபான்ட். பழகிவிட்டது, மாற்ற முடியவில்லை என்று சொன்னால் புரிந்துகொள்ளலாம். இப்போது அதற்கு நியாயமே கற்பிக்கிறார்கள். பாமினியை யூனிகோடாக மாற்றும் கன்வெர்ட்டர் இருக்கும்போது யூனிகோடிலேயே எழுதுவது எதற்கு என்கிறார்கள்.

பாமினி பத்திரம் என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. மின்னஞ்சல் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் பிறந்தது. மடல் அனுப்புவதற்கு 1982-இல் வகுத்த எஸ்எம்டிபி விதி எழுத்து ஒன்றுக்கு ஏழு பிட்தான் கொடுத்தது. டிஸ்கி போன்ற தமிழ்க் குறிமுறைகள் தமிழை 128-க்கு மேற்பட்ட இடங்களில் வைத்தன. வழியில் ஒரு பழைய சர்வர் எட்டாவது பிட்டை வெட்டினால் மடல் சிதைந்தது. பாமினிக்கு அந்த ஆபத்தே கிடையாது. ‘தமிழ்’ என்ற சொல் அதில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். எந்த சர்வரும் அதில் கைவைக்காது. கடைகளில் பக்கம் கட்டும் பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது என்பதும் சரியே.

ஆனால் போய்ச் சேர்வது மட்டும்தானா பத்திரம்?

மின்னஞ்சலுக்கு 1992-இல் வந்த மைம் முறையும் எழுத்துக்கு வேஷம்தான் போடுகிறது. ‘அ’ யூடிஎஃப்-8இல் மூன்று பைட். பேஸ்64 அந்த மூன்றையும் ஆறாறு பிட்டாகப் பிரித்து நான்கு ஆங்கிலக் குறிகளாக்கி அனுப்புகிறது. வழியில் எடுத்துப் பார்த்தால் அதுவும் பாமினி போலவே அர்த்தமில்லாத குவியல். ஆனால் மடலின் தலைப்பில் இரண்டு வரி இருக்கிறது: உள்ளே இருப்பது யூடிஎஃப்-8, கட்டியிருப்பது பேஸ்64. பெறுகிறவரின் கணினி அதைப் படித்துத் தானே பிரித்துவிடும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பாமினி மடலில் அந்த வரி இல்லை. ஊர் பேர் எழுதாமல் லாரி ஷெட்டில் போட்ட மூட்டை அது.

கன்வெர்ட்டர் பேசுகிறவர்கள் தொடாத இடம் இதுதான். மாற்ற வேண்டுமானால் இது பாமினியா, வானவில்லா, ஸ்ரீலிபியா என்று முதலில் தெரிந்தாக வேண்டும். ஒரே குறிக்கு ஒவ்வொன்றிலும் வெவ்வேறு எழுத்து. வேர்டு கோப்பில் இருக்கும்வரை ஃபான்ட் பெயர் கூடவே இருக்கும். வெட்டி மடலுக்குள் ஒட்டி, வெறும் எழுத்தாகப் போனால் அதுவும் உதிர்ந்துவிடும். கட்டுரைக்குள் ஆங்கிலத்தில் எழுதிய இசைத்தட்டு நிறுவனத்தின் பெயர், முகவரி, மின்னஞ்சல் எல்லாம் அதே ஆங்கிலக் குறிகளில் கலந்து கிடக்கும். கன்வெர்ட்டர் அவற்றையும் தமிழாக்கி உளற வைக்கும். மெய்ப்புப் பார்ப்பவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகத் தேட வேண்டியதுதான். மயிலாப்பூரில் வாழ்ந்த பாபநாசம் சிவனைப் பற்றி ஒரு சபாவுக்குப் பத்துக் கட்டுரைகள் மடலில் வந்திருக்கட்டும். அஞ்சல்பெட்டியில் அவர் பெயரைத் தமிழில் தேடினால் ஒன்றும் அகப்படாது. எழுத்து இருக்கிறது, தமிழ் இல்லை. இதைப் பத்திரம் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

கடைக்காரர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. சென்னையில் 1999-இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறிமுறைகளைத் தரமாக அறிவித்தது. அவற்றுக்கு மடலின் தலைப்பில் எழுத ஒரு பதிவுபெற்ற பெயர் வேண்டும் என்ற கவலை யாருக்கும் வரவில்லை. உலகெங்கும் சிதறியிருந்த தன்னார்வலர்கள் மடல்வழியே விவாதித்து உருவாக்கிய டிஸ்கிக்கு அந்தப் பெயர், இத்தகைய பெயர்களைப் பதியும் ஐயானாவின் பட்டியலில் கிடைத்தது. அரசு முத்திரை பெற்றவற்றுக்குக் கிடைக்கவில்லை. 2010-இல் யூனிகோடை ஏற்ற அரசு, கூடவே டேஸ்16 என்ற குறிமுறையையும் ஏற்றது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் என்ற அதன் கணக்கு அழகானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது குடியிருப்பது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில். அங்கே எந்த இடத்துக்கும் பொதுப்பொருள் கிடையாது. மடலின் தலைப்பு யூடிஎஃப்-8 என்று சரியாகவே சொல்லும். ஆனாலும் அதற்கான ஃபான்ட் இல்லாதவர் திரையில் கட்டங்கள்தான் தெரியும். பழைய குற்றம் சர்க்கார் செலவில் திரும்ப வந்தது.

பேஜ்மேக்கருக்கு பாமினி தேவையென்றால் கடையிலேயே, பக்கம் கட்டும் கடைசி நேரத்தில் மாற்றிக்கொள்ளட்டும். அந்த நேரத்தில், அந்தக் கணினியில், எது எந்த ஃபான்ட் என்று தெரிந்த ஒருவர் இருக்கிறார். யூனிகோடில் உள்ள மூலப்பிரதி, எழுதியவரிடமும் கடையிலும் அப்படியே இருக்கும். இன்று நடப்பதோ தலைகீழ்: எழுதுகிறவர் தன் தமிழைக் குலைத்து அனுப்புகிறார், அச்சான மலரோடு மூலமும் முடிந்துபோகிறது. மறுபதிப்புக்கு ஆசைப்படும் சபா செயலாளர் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தட்டச்சு செய்யக் காசு கொடுக்கிறார், பெரும்பாலும் அதே கடைக்கு.