முன்னிலையில் பேசும் தன்னிலை

அக்கா மகனுக்கு அப்போது நாலு வயது. பசித்தால் ‘சாப்பிடுறியா?’ என்பான். தாகமெடுத்தால் ‘தண்ணி வேணுமா?’. நம்மைத்தான் கேட்கிறான் என்று நினைத்து ‘வேணாண்டா தங்கம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தவர்கள் உண்டு. நானும் நகர்ந்திருக்கிறேன். கேள்வி அவனுடையதல்ல, அவன் அம்மாவுடையது. சோறு வருவதற்கு முன் எப்போதும் அந்த வாக்கியம் வருகிறது; எனவே வாக்கியத்தைச் சொன்னால் சோறு வர வேண்டும். தர்க்கத்தில் பழுதில்லை. தன்மையில் சொல்ல வேண்டியதை முன்னிலையில் சொல்கிறான், அவ்வளவுதான்.

இந்த ‘அவ்வளவுதான்’ மீதுதான் ஒரு பெரிய மருத்துவச் சொல்லாடல் எழும்பி நிற்கிறது. 1943இல் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் ஒரு தனி நிலையாகப் பேசப்படலாயிற்று. கேட்டதைத் திருப்பிச் சொல்வது, ‘நான்’ ‘நீ’ இடம் மாறுவது இரண்டும் அதிலேயே உண்டு. அதை நோய்க்குறிப் பட்டியலாக வாசித்தவர்களே அதிகம். அதே கேனர் 1946இல் எழுதிய இன்னொரு கட்டுரையை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. இக்குழந்தைகளின் ‘சம்பந்தமில்லாத’ பேச்சு உண்மையில் உருவகம் என்கிறார் அதில். ஒரு தாய் மகனுக்குப் பாட்டொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த பாத்திரம் தவறி விழுகிறது. அதன்பின் அதுபோன்ற பாத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் பாட்டின் இரண்டு சொற்களை அவன் சொல்கிறான். சம்பவம் தெரிந்தவருக்கு அது பெயர்ச்சொல், தெரியாதவருக்கு உளறல். பொருள் சொல்லுக்குள் இல்லை, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையில் இருக்கிறது என்று நாம் பக்கம் பக்கமாக எழுதிவந்த விஷயம்தானே இது?

பையனை ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். தாய்மாமன் என்ற உரிமையில் சில நாள் உள்ளே உட்கார விட்டார்கள். சின்ன மேசை, சின்ன நாற்காலி, எதிரில் பயிற்சி தரும் பெண். ‘லுக் அட் மீ.’ பார்த்தால் ஒரு துண்டு சிப்ஸ். ‘ஹேண்ட்ஸ் டவுன்.’ கையை இறக்கினால் இன்னொரு துண்டு. ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கூட்டல் அல்லது கழித்தல். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். சொற்பச் சம்பளத்தில் பொறுமையாக வேலை பார்த்தவர். மூன்றாம் நாள் வெளியே ஜெனரேட்டர் கிளம்பிற்று. பையன் காதைப் பொத்திக்கொண்டு ‘வண்டி எடுக்கட்டுமா, வண்டி எடுக்கட்டுமா’ என்றான். இரண்டு வருஷம் முன்னால் ஒரு ராத்திரி அவனுக்கு ஜன்னி கண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அத்தான் கேட்ட வாக்கியம் அது. பயம் என்பதற்கு அவனிடம் இருந்த ஒரே சொல். தாளில் கழித்தல் விழுந்தது. பக்கத்தில் இங்கிலீஷில் ‘பயனற்ற பேச்சு’ என்று ஒரு குறிப்பு.

இந்தத் தாளை ஒரு பிரதியாக வாசித்தால் அதன் பின்னால் இருப்பவர்கள் தெரிய வருவார்கள். பேச்சும் ஒரு நடத்தையே, வெகுமதியால் உருவாவது என்று 1957இல் ஸ்கின்னர் எழுதினார். 1959இல் சாம்ஸ்கி அதைக் கிழித்துப் போட்டது நம் வாசகர்களுக்குத் தெரியும். மொழியியலில் மதிப்பிழந்த கோட்பாடு சிகிச்சை அறையில் குடியேறி இன்றைக்கும் சௌகரியமாக இருக்கிறது. குடியேற்றியவர்களில் முக்கியமானவர் ஐவர் லோவாஸ். 1960களில் கலிபோர்னியாவில் ஆட்டிசக் குழந்தைகளை அறைந்தும் மின்னதிர்ச்சி கொடுத்தும் பழக்கினார். 1965இல் லைஃப் பத்திரிகை அதைப் படங்களோடு வெளியிட்டது. அவருடைய 1987ஆம் வருட ஆய்வைத்தான் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்: 19 குழந்தைகள், வாரம் 40 மணி நேரம், அதில் 9 பேர் சாதாரண வகுப்பில் தேறினார்கள். உரத்த ‘நோ’வும் தொடையில் அடியும் அந்த முறையில் அடக்கம். இதே லோவாஸ் 1974இல் ஜார்ஜ் ரெக்கர்ஸுடன் சேர்ந்து, பெண்ணைப் போல நடந்துகொண்ட ஒரு சிறுவனைத் ‘திருத்திய’ கதையையும் ஆய்வாக எழுதியிருக்கிறார். இரண்டையும் ஒரே கை திருத்த வந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. இன்று பெரும்பாலான இடங்களில் அடி இல்லை. விளையாட்டோடு கலந்து சொல்லித்தரும் முறைகள் வந்துவிட்டன. மற்ற பிள்ளைகளோடு நிறுத்தினால் வித்தியாசம் தெரியக்கூடாது என்ற இலக்கு மட்டும் போகவில்லை.

நம்மூரில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ‘வீட்ல ஒரே பாஷைதான் பேசணும், இங்கிலீஷ்னா நல்லது, கார்டெல்லாம் இங்கிலீஷ்லதான் இருக்கு’ என்றார்கள் அக்காவிடம். இருமொழிச் சூழல் ஆட்டிசக் குழந்தையின் பேச்சைக் கெடுக்கிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஆனாலும் இந்த அறிவுரை ஓயவில்லை. அக்கா பத்தாவது வரை படித்தவள். அவளிடமிருந்த இங்கிலீஷ் என்ன? கம், சிட், ஈட், கிவ், நோ. ஆறு மாதம் அந்த வீட்டில் தாய் மகனிடம் ஏவல் வினையில் மட்டும் பேசினாள். கொஞ்சல் நின்றது, கதை நின்றது, ‘அம்மா ஊட்டட்டுமா’ நின்றது. மழலையிடம் பேசும்போது தமிழ்த்தாய் தன்னையே படர்க்கையில் வைத்து ‘அம்மா’ என்றுதான் சொல்லிக்கொள்வாள்; நம் எல்லோருக்கும் ‘நான்’ அதைத் தாண்டித்தான் வந்தது. அந்தப் பாதையை மூடிவிட்டு ‘ஏன் இன்னும் ஐ வரவில்லை’ என்று தாளில் கழித்தல் போட்டார்கள்.

இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் பேசினேன். நண்பர்களுக்குக் குஷி. ஒருவர் இவனது மௌனத்தை அதிகாரத்தின் மொழிக்கு எதிரான கலகம் என்றார். பிறழ்வைக் கொண்டாடிப் பழகிய வட்டம் நம்முடையது. வீட்டுக்கு வந்து பெருமையாக அக்காவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, ‘கலகமா? நேத்து ராத்திரி மூணு மணி வரைக்கும் காதைச் சுவத்துல மோதிக்கிட்டு அழுதான்டா தம்பி. எங்க வலிக்குதுன்னு சொல்ல ஒரு வார்த்த இல்ல. ஒங்க கூட்டத்துல யாராவது வந்து படுத்துக்கிறீங்களா?’ என்றாள். பதில் இல்லை என்னிடம். குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லும் தகுதி எந்தக் கோட்பாட்டுக்கும் கிடையாது. என் சண்டை, பயிற்சி எதிலிருந்து தொடங்குகிறது என்பதில்தான்.

தொடங்க வேறு இடம் உண்டு. பிற்பாடு ஓர் அரசு மையத்தில் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரைப் பார்த்தோம். முதல் நாள் அவர் ஒன்றும் கற்பிக்கவில்லை. அவன் சொல்வதை எழுதிக்கொண்டிருந்தார். பிறகு அக்காவிடம், ‘அவன் வேணுமான்னு கேட்டா தண்ணியக் குடுங்க. குடுக்கும்போது அவன் சொல்ற மாதிரி நீங்க சொல்லுங்க, எனக்குத் தண்ணி வேணும்னு. திருப்பிச் சொல்லுன்னு கேக்காதீங்க. சொல்லிட்டுப் பத்து எண்ணிக் காத்திருங்க’ என்றார். வலி இருக்கும் இடத்தைத் தொட்டுக்காட்ட உடம்புப் படம் ஒன்றும் கொடுத்தார். படத்தைக் காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் பெற்றோரிடம் நிறைய, அப்படி ஆவதில்லை. எதிரொலிப் பேச்சுக்கும் வேலை இருக்கிறது, கேட்க, மறுக்க, ஆமாம் போட அது பயன்படுகிறது என்று பாரி பிரைசன்ட் போன்றவர்கள் 1980களின் தொடக்கத்திலேயே காட்டியாயிற்று. நம் மையங்களின் தாளுக்கு அது வந்து சேரவில்லை.

அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டாள். இடப்பக்கம் அவன் வாக்கியம். வலப்பக்கம் முதலில் யார் சொன்னது, எப்போது, இப்போது என்ன பொருள். ‘வண்டி எடுக்கட்டுமா – அவங்க அப்பா – ஜன்னி வந்த அன்னிக்கி – பயமா இருக்கு.’ சங்கப் பாட்டின் அடியில் ‘தோழி கூற்று’, ‘செவிலி கூற்று’ என்று குறிப்பு இல்லாவிட்டால் நாம் எத்தனை பாட்டில் திணறுவோம்? பேராசிரியர்கள் தடுமாறுகிற வேலையை அவள் ஈரக்கையோடு செய்தாள். ‘எனக்கு’ அவனுக்கு ஐந்தேகால் வயதில் வந்தது. ‘எனக்குத் தண்ணி வேணுமா’ என்றான், வினா விகுதியை விடாமல். அன்று அந்த ‘ஆ’வை யாரும் திருத்தவில்லை.

இப்போது சான்றிதழ் வேலை. 2016ஆம் வருடச் சட்டம் ஆட்டிசத்தை அங்கீகரிக்கிறது. ஆதாயம் பெற 40 சதவீதம் தேறியாக வேண்டும். அளப்பதற்கு 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் ஒன்று இருக்கிறது. எதிரொலிக்கிறதா, அர்த்தமில்லாத சொற்களைச் சொல்கிறதா, ‘நான்’ ‘நீ’யை மாற்றுகிறதா? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூடினால் ஊனம் கூடும். அர்த்தமில்லாத சொற்களுக்கு 1 போடச் சொல்ல வேண்டும் என்று நான் குதித்தேன். நோட்டையும் கொண்டுபோய்க் காட்டலாம் என்றேன்.

‘மார்க் கொறஞ்சா சர்ட்டிபிகேட் தர மாட்டாங்கடா’ என்றாள் அக்கா. போகிற அன்று காலை நோட்டை எடுத்து பீரோவுக்குள் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். பையன் வாசலில் நின்று ‘வண்டி எடுக்கட்டுமா’ என்றான். ‘ஆமாண்டா, எனக்கும் பயமாத்தான் இருக்கு’ என்றாள்.