கதை கடன், கை சொந்தம்

சேலத்தில் ஏற்காடு ரோட்டில் போனால் ஒரு பழைய வளைவு கண்ணில் படும். மாடர்ன் தியேட்டர்ஸ்! டி.ஆர்.சுந்தரம் 1930-களில் தொடங்கிய ஸ்டூடியோ. உள்ளே இப்போது வீடுகள். வளைவு மட்டும் மிச்சம்.

‘அவங்க படமெல்லாம் காப்பிதானே சார்?’ என்று கேட்பவர்கள் உண்டு. பாதி நிஜம். ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அரேபியக் கதை. இரண்டு வருஷம் முன்பே இந்தியில் வந்துவிட்டது. ‘மந்திரி குமாரி’யின் (1950) மலை உச்சிக் காட்சி, குண்டலகேசி கதை. தன்னைக் கொல்லக் கூட்டிப்போன புருஷனை, ‘கடைசியாகச் சுற்றி வந்து கும்பிடுகிறேன்’ என்று சொல்லி மனைவி தள்ளிவிடுகிறாளே, அதேதான்.

அப்படியானால் சொந்தச் சரக்கு எது?

நான் காமர்ஸ் படித்தவன். கடன் வாங்கித் தொழில் செய்பவரை யாரும் திருடன் என்பதில்லை. அந்தப் பணத்தை வைத்து என்ன செய்தார் என்றுதான் பார்ப்போம். ‘மந்திரி குமாரி’யில், ராஜாவையே ஆட்டிவைக்கும் ராஜகுரு ஒருவர் வந்தார். மகனைத் தளபதியாக்கத் துடித்தார். கருணாநிதியின் வசனம், பழைய கதையை 1950-ன் அரசியல் மேடையாக்கிவிட்டது. மலை பழசு, ஏறியவர்கள் புதுசு. அலிபாபாவோ தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். கதை கடன், துணிச்சல் சொந்தம்.

அதே நிறுவனம் பிறகு ஜெய்சங்கரை வைத்து ஜேம்ஸ்பாண்ட் பாணியில் இறங்கியது. ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி.சங்கர்’ (1970). விறுவிறுப்புக்குக் குறைச்சலில்லை. ஆனால் கோட்டு, துப்பாக்கி, நடை எல்லாமே கடன். நம் கணக்கில் மிஞ்சியது ஜெய்சங்கரின் சிரிப்பு மட்டும்தான்!

இந்தக் கணக்கு சேலத்துத் தள்ளுவண்டிக்காரருக்கும் தெரியும். தட்டுவடை செட்டைப் பாருங்கள். தட்டை எல்லா ஊரிலும் இருக்கிறது. காரட், பீட்ரூட், சட்னி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. இரண்டு தட்டைக்கு நடுவே அதையெல்லாம் வைத்து அடுக்கியதும் அது சேலமாகிவிட்டது.

நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வாருங்கள். சினிமாவில் பார்த்த மேடை, பக்கத்து மண்டபத்தில் பார்த்த போஸ். முகத்தை மட்டும் மாற்றினால் அந்த ஆல்பம் யாருக்கும் பொருந்தும். ‘வித்தியாசமா செய்யணும்’ என்று லட்சங்களைக் கொட்டுகிறோம்... எதிர்வீட்டுக்காரர் செய்த அதே வித்தியாசத்துக்கு!

கடன் வாங்குங்கள், தப்பில்லை. உங்கள் பங்குக்கு ஒரு ராஜகுருவைச் சேர்த்தீர்களா? அதைச் சொல்லுங்கள்.