சுதந்திரம் யாருடைய செலவில்?

பாங்காக்கின் மோட்டார்சைக்கிள் டாக்சி ஓட்டுநர்களைப் பற்றி கிளாடியோ சோப்ரான்செட்டி எழுதிய ‘ஓனர்ஸ் ஆஃப் த மேப்’ நூலில் ஓட்டுநர்கள் விரும்பிச் சொல்லும் சொல், சுதந்திரம். தலைக்குமேல் ஆலை மேற்பார்வையாளன் இல்லை; நினைத்தபோது வடகிழக்கே இசானுக்கு (நம் ஈசானிய மூலையின் பெயரேதான்) கிளம்பிவிடலாம். 2010 செஞ்சட்டைப் போராட்டத்தில் ஆட்களையும் செய்திகளையும் கொண்டுசேர்த்தவர்கள், சந்துபொந்தெல்லாம் அறிந்த இவர்கள்தான். நூலின் வலுவான பகுதி இது. காப்பீடோ ஓய்வூதியமோ தராத முதலாளியத்துக்கு இந்தச் சுதந்திரம் எவ்வளவு தோது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

எனக்குப் போதாதது வேறு. அவன் மறியலில் தங்கிய இரவுகளில் வீட்டு வாடகைக்கு யார் வழிசெய்தது? நகரத்தில் உழைப்பவர்களின் பிள்ளைகளை இசானில் வளர்ப்பது பெரும்பாலும் பாட்டிமார். பின்னிருக்கையில் பாவாடையோடு ஒருபக்கமாக அமர்ந்து வேலைக்கு விரைபவளால் நினைத்தபோது ஊருக்குப் போக முடியுமா? சுதந்திரம் என்ற சொல்லை இவர்களிடமும் கேட்டிருக்க வேண்டும்.