துவர்ப்பின் பக்கம்

பரோலோவை முதன்முறை கிளாஸில் பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். இத்தாலியின் பெரிய சிவப்பு வைன்களில் ஒன்று என்று சொல்லிட்டு, இவ்வளவு வெளிறிய நிறமா? கிளாஸுக்குப் பின்னால் வைத்த விரல் தெரிகிறது. வயதானதில் ஓரம் செங்கல் நிறம். முகர்ந்தால் ரோஜா, பின்னாலேயே தார். ரெண்டும் எப்படிங்க ஒண்ணா வரும் என்றால், வருகிறது. வாயில் வைத்ததும் ஈறைப் பிடித்து இறுக்குகிற துவர்ப்பு.

நெபியோலோ திராட்சை அப்படித்தான். பியட்மான்ட்டின் லாங்கே குன்றுகளில் சீக்கிரம் துளிர்த்துத் தாமதமாகப் பழுக்கும். துவர்ப்பும் புளிப்பும் அதிகம். அதனால்தான் குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் இருந்த பிறகே பரோலோ என்று விற்கச் சட்டம் விடுகிறது.

இந்தத் துவர்ப்பை என்ன செய்வது என்பதில்தான் சண்டையே. 1980களில் எலியோ அல்த்தாரே, அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை இயந்திர ரம்பத்தால் அறுத்துப் போட்டார். தோலோடு ஊறும் நாட்களைக் குறைத்து, 225 லிட்டர் புது ஓக் பீப்பாய்களுக்கு மாறினார்கள் அவரும் நண்பர்களும். வைன் சீக்கிரம் மென்மையானது, வனிலா வாசம் வந்தது, உலகச் சந்தை திரும்பிப் பார்த்தது. எதிர்ப்பக்கம் பார்த்தோலோ மாஸ்கரெல்லோ. ‘நோ பாரிக், நோ பெர்லுஸ்கோனி’ என்று கையால் லேபிள் வரைந்தவர். தோட்டம் தோட்டமாகப் பிரித்து விற்காமல், நான்கு தோட்டத்துப் பழங்களையும் கலந்து ஒரே பரோலோ செய்தவர். 2005இல் அவர் இறந்த பின் மகள் மரியா தெரேசா அதே வழியில் தொடர்கிறார்.

நான் மாஸ்கரெல்லோ பக்கம். பழசு என்பதற்காக இல்லை. அழுக்கேறிய பீப்பாயில் கெட்டுப்போன வைனைப் பாரம்பரியம் என்று யாரும் குடிக்க வேண்டியதில்லை. அந்தக் கோபத்தில் புதியவர்களிடம் நியாயம் இருந்தது. ஆனால் வனிலா வாசம் ஓக்குடையது, எந்த ஊர் வைனிலும் வரும். மாஸ்கரெல்லோ பரோலோவில் துவர்ப்பு மெல்ல விட்டுக்கொடுக்க, அடியிலிருந்து புளிப்புச் செர்ரி எழுகிறதே, அது அந்தக் குன்றுகளுடையது. முதலில் இறுக்கம் இல்லையென்றால் பிறகு வரும் இளக்கத்துக்குப் பொருளே இல்லை.

பதினைந்து வருஷம் பாட்டிலைக் காத்து வைக்கப் பணக்காரனால்தானே முடியும்? நியாயமான கேள்வி, விலை விஷயத்தில் என்னிடம் பதிலும் இல்லை. ஆனால் துவர்ப்புக்கு லாங்கேக்காரர்களிடம் பதில் உண்டு: வைனிலேயே மெதுவாக வெந்த மாட்டிறைச்சி. இறைச்சியின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ள, இளம் பரோலோவும் வாயில் இறங்கிவரும். தனியாக ஒரு மிடறு உறிஞ்சி, துப்பி, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறவர்களுக்கு அது தெரியாது. அறுசுவையில் துவர்ப்புக்கு இடம் கொடுத்த மொழியில் எழுதிக்கொண்டு, அதைக் குறையென்று சொல்ல எனக்கு வராது.